நேர்கோட்டில் எழுநூற்று நாற்பது மீற்றர்

வலயக் கல்விப் பணிமனை மேல்மாடியில்
மூன்றாம் இலக்கத்தில் மட்டும் சுற்றும் விசிறிக்குக் கீழே
என் மேசை.
நான் கோடு போடுகிறவன்.

பாடசாலை வாசலில் ஒரு சொடுக்கு,
வீட்டுக் கதவில் ஒரு சொடுக்கு,
நடுவே சிவப்பாய் ஒன்று ஓடும்.
நேர்கோட்டுத் தூரம் என்கிறது சுற்றறிக்கை.
வாவியைக் கடக்கையில் அது நனையாது.
தங்கூசி வலையில் மாட்டாது.
முதலை கிடக்கிற இடம்
அதற்குத் தெரியவே தெரியாது.

வலையிறவுப் பாலத்துக்கு அங்கால்
பெரும்போகத்துக்கு உழுத நிலத்தையெல்லாம்
கிறவல் தின்னத் தொடங்கி ஆறு வருடம்.
முதலில் வரம்பு மூடுண்டது. பிறகு வாய்க்கால்.
தண்ணீர் இனி எந்தப் பக்கத்தால் போவது என்று
வட்டவிதானை எழுதிய கடிதம்
எந்தக் கோவையிலோ இருக்கிறது.
பத்துப் பேர்ச், எட்டுப் பேர்ச், கடைசியில் ஆறரை.
புரோக்கர் ஜெகதீபன் நட்ட பலகையில்
வெள்ளை உடுப்போடு ஒரு பிள்ளை சிரித்தது:
‘நகரப் பாடசாலைக்கு 740 மீற்றர்.’

பொய்யில்லை.
அளந்து கொடுத்தவன் நான்தான்,
ஒரு பிளேன்டீக்கும் மீன் ரோல்ஸுக்கும்.
பாலத்தால் சுற்றிப் போனால் எவ்வளவு என்று
அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

இந்த வருடம் முதலாம் தரத்துக்கு
நூற்றியைந்து கதிரை,
நானூற்றிப் பதினேழு விண்ணப்பம்.
பழைய மாணவர் சங்கத்துப் பரஞ்சோதி மேசையில் தட்டினார்:
‘கோயிலடிப் புள்ளயள் வெளிய நிக்க
நேத்து வந்த வீட்டுக்காரருக்கு இடமா?’
கூட்டம் முடிய ஒரு வரி எழுதித் தந்தார்கள்,
ஊட்டற் பிரதேச எல்லை வாவியோடு நிற்க வேண்டுமாம்.
பின்னேரம் முழுக்கக் கரையைப் பிடித்துக்கொண்டு போனேன்.
வாவியிடம் நேர்கோடே கிடையாது.
கண்டல் பற்றை தோறும் அது வளைந்தது,
நானும் வளைந்தேன்.

நேர்முகத் தேர்வுக்கு விமலோஜினி வந்தாள்.
உறுதி, லைட் பில், தண்ணீர் பில்,
மூன்று வருட வாக்காளர் இடாப்பு, தடுப்பூசி அட்டை,
கட்டாரிலிருந்து புருசன் அனுப்பிய சத்தியக்கடதாசி.
மகள் ஆரணிகா
திறக்காத சப்பாத்துப் பெட்டியை மடியில் வைத்திருந்தாள்.
சுவர் வரைபடத்தைக் காட்டினேன்.
நீலத்துக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.
‘மூணு வருசமா இந்தப் பாலத்தாலதான்
ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வாறன் சேர்.
அப்பல்லாம் இந்த வாவி இருக்கல்லியா?’

முத்திரையைத் தேடுவதுபோல் குனிந்தேன்.
என் மகள் அதே பாடசாலையில் நாலாம் தரம்.
மச்சானுடைய லைட் பில்லில் படிக்கிறாள்.

கார்த்திகைக் கடைசியில் மழை பிடித்தது,
விட மனமில்லாத மழை.
வாய்க்கால் எங்கே இருந்ததென்று
தண்ணீருக்கு ஞாபகம் இருந்தது.
ஆறரைப் பேர்ச் வீடுகளில்
யன்னலுக்கு மேலே உள்ளது மட்டும் தெரிந்தது.
படுவான்கரைச் சின்னப் பாடசாலை கொஞ்சம் மேட்டில்.
முதலாம் தரத்தில் ஒன்பதே பேர் படித்த இடம்;
புது வீடுகளிலிருந்து ஒரு விண்ணப்பமும் போகாத இடம்.
அங்கே இருநூறு குடும்பம் பாய் விரித்தது.
கணக்கெடுக்க என்னை அனுப்பினார்கள், தோணியில்.

புதுச் சப்பாத்து
யன்னல் கம்பியில் கயிற்றோடு தொங்கிக் காய்ந்தது.
ஆரணிகா கரும்பலகையில்
எதையோ கீறுவதும் அழிப்பதுமாக இருந்தாள்.
மழைப் புகாருக்கு அப்பால், தண்ணீருக்கு அந்தப் பக்கம்,
நகரப் பாடசாலையின் கூரை.
கிட்டத்தான் இருந்தது.
விமலோஜினி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
பிளாஸ்டிக் கோப்பையில் பிளேன்டீ நீட்டி
சீனி போதுமா என்றாள்.
குடித்தேன்.

தையில் அங்கே முதலாம் தரம் அறுபத்தி நாலு பேர்.
கதிரை கேட்டு அதிபர் எழுதிய கடிதத்துக்கு
நேற்று நான்தான்
கோவை இலக்கம் போட்டேன்.